இரண்டு இடது கால்கள்

(ஸ்டாலிபிரிட்ஜ், லங்காஷயர் எல்லை, 1863)

ஐந்து மாதமாகப் புகைபோக்கிகளுக்கு மூச்சில்லை.
டேம் ஆற்றின் அடியில் கிடந்த கற்கள்
நான் பிறந்த பிறகு முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தன.
என்ன அழகு என்றார் பாதிரியார்.
கல்லைத் தின்ன எங்களுக்குத் தெரியாது ஐயா.

கடலுக்கு அப்பால் ஒரு தேசம்
தன்னைத்தானே சுட்டுக்கொண்டிருந்தது.
துறைமுகங்களை மூடிவிட்டார்களாம். பஞ்சு வரவில்லை.
டிசம்பர் கூட்டத்தில் அப்பா கை தூக்கினார்:
அடிமை பறித்த பஞ்சு எங்களுக்கு வேண்டாம்.
தூக்கிய கையில் முழங்கை கிழிந்திருந்தது.
நானும் தூக்கினேன். பெண்களை யாரும் எண்ணவில்லை.
அந்தக் கையை இன்றுவரை நான் இறக்கவில்லை;
வயிறுதான் கூட்டத்துக்கு வராமல்
வீட்டிலேயே இருந்துவிட்டது.

ஜனவரியில் பதினோரு நாள் ஆலை ஓடியது.
மூட்டை மேல் கறுப்பு மையில் டின்னவெல்லி என்று இருந்தது.
அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிச் சொல்வார்களோ.
குட்டை இழை, தொட்டால் அறும்.
விதைத்தோல், கருமண்,
நடுவில் ஒரு தலைமுடி.
விரலில் சுற்றினேன், பதினாறு சுற்று வந்தது.
எவளோ ஒருத்தி, வெயிலில், குனிந்து.
மேஸ்திரி திரும்பியதும் இழையோடு விட்டுவிட்டேன்.
யாருடைய சட்டையிலோ
இப்போது அவள் இருக்கிறாள்.

மார்ச்சில் நிவாரணத்தில் நாலு பென்னி வெட்டினார்கள்.
மிச்சத்துக்கும் காசு கிடையாது, சீட்டு.
இந்தச் சீட்டுக்கு இந்தக் கடை, இந்த மாவு, இவ்வளவு.
கையில் காசு இருந்தால் குடிப்போமாம்.
ஒனோரா டெவனி சீட்டை மேசைமேல் வைத்துக் கேட்டாள்:
இதற்குச் சவப்பெட்டி தருவார்களா,
சின்னது போதும்.
குமாஸ்தா பேனாவைத் துடைத்தான்.
முதல் கல் யார் எறிந்தது என்று
ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பெயர் வரும்.
என்னைக் கேட்டால் நானும் பொய்தான் சொல்வேன்.

கண்ணாடி உடையும் சத்தம் இவ்வளவு பிடிக்கும் என்று
எனக்குத் தெரியாமல் இருந்தது.
நிவாரணக் கிடங்கின் மாடி ஜன்னலிலிருந்து
கோட்டுகள், போர்வைகள், கைக்குட்டைகள்
பனியைப் போல இறங்கின.
நான் உள்ளே போனேன். இருட்டு.
கைக்குத் தோல் தட்டுப்பட்டது. இரண்டு பூட்ஸ்.
பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.
பின்னால் நீதிபதி குதிரைமேல் இருந்தபடி
கலகச் சட்டத்தை வாசித்தார்;
பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது.
மீதிப் பாதிக்குச் சிப்பாய்கள் வாள் உருவினார்கள்.

வீட்டில் மெழுகுவர்த்தி கிடையாது. விடிந்துதான் பார்த்தேன்.
இரண்டும் இடது.

அப்பா எதுவும் சொல்லாமல் பார்த்தார்.
திருடியதற்கு அடிப்பார் என்று நின்றேன்.
சிரித்தார்.
அக்டோபருக்குப் பிறகு அந்தச் சத்தம் அன்றுதான்.
அதற்குள் தெருமுனையில் லாடச் சத்தம்,
வீடு வீடாகச் சோதனை.
மாவுப் பானைக்குள் வைத்து மூடினேன்.
மாவு இருந்திருந்தால் இடம் இருந்திருக்காது.

கல் உடைக்கும் வேலைக்கு அவற்றைப் போட்டுக்கொண்டு போனார்.
நேராக நடக்க முடியாது,
வலது கால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு வலது யாரிடமோ இருக்கிறது.
ஊரைக் கேட்கவும் முடியாது.
கேட்டால், உன்னிடம் என்ன இருக்கிறது என்பார்கள்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு,
பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஈனோக் கார்சைட் வந்தார்,
வலப்புறச் சுவரோடு சுவராக உரசி, நண்டு மாதிரி.
அப்பாவுக்கும் அதே சுவர்தான்,
எதிரிலிருந்து வருவதால்.
இடித்துக்கொள்ள ஒரு முழம் இருக்கையில் இருவரும் நின்றார்கள்.
இருவர் கண்ணும் கீழே போய் மேலே வந்தது.
பின்னால் ஒரு சிப்பாய் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

குளிர் குறைந்துவிட்டது, ஈனோக்.
குறைந்துவிட்டது.

தொப்பியைத் தொட்டுவிட்டு
ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு போனார்கள்.
அந்தப் போர் இன்னும் இரண்டு வருஷம் நடந்தது.
பூட்ஸ் அதற்கு முன்பே கிழிந்துவிட்டது.